பல் ஆட்டத்தில் வம்சத்தின் பங்கு எவ்வளவு?

"எங்க வம்சத்துக்கே நாப்பது தாண்டினா பல்லு நிக்காதுங்க" என்று சொல்பவரை அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்திலும் பார்க்கலாம், தமிழகத்தின் வேறு எந்த ஊரிலும் பார்க்கலாம். தாத்தாவுக்குப் பொக்கை வாய், அப்பாவுக்குப் பொக்கை வாய், இப்போது தனக்கும் முன்பல் இரண்டு ஆடுகிறது. இதில் வைத்தியம் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. வீட்டில் இன்னொருவர் எல்லாம் உடம்புச் சூடு என்பார். பல் மருத்துவரோ வம்சத்தைப் பற்றிப் பேச மாட்டார். ஒழுங்காகத் துலக்கவில்லை என்று கடிந்துகொண்டு, பல்லில் படிந்த காரையை எடுக்க நாள் குறிப்பார். வம்சம் என்பவரிடமும் உண்மை இருக்கிறது, அழுக்கு என்பவரிடமும் உண்மை இருக்கிறது. யாரிடம் எவ்வளவு என்பதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் அறுபது ஆண்டுகளாக அளந்து பார்த்து வருகிறார்கள். அந்த அளவீட்டில் தமிழர்களின் வாய்க்குத் தனி இடம் உண்டு.

அழுக்கின் பங்கு முதலில் உறுதியானது. நார்வேக்காரரான ஹரால்ட் லோ டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் தம் சகாக்களோடு செய்து 1965இல் வெளியிட்ட சோதனைதான் அதை உறுதிசெய்தது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலானோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் வீக்கம் வடிந்தது. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பதில் அதன்பிறகு யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் ஈறு வீங்குவது வேறு, பல் விழுவது வேறு. வீக்கம் ஈற்றோடு நிற்கும்வரை பல்லுக்கு ஆபத்தில்லை. அது உள்ளே இறங்கி, பல்லைத் தாடையோடு பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் கரைக்கும்போதுதான் பல் ஆடத் தொடங்குகிறது. வீங்கிய ஈறுகள் எல்லாமே இந்த இடத்துக்கு வந்து சேருமா? இதை அறியப் பதினைந்து ஆண்டு துலக்காமல் இரு என்று எந்த மாணவரிடமும் சொல்ல முடியாது. துலக்கும் பழக்கமே இல்லாத மக்கள் வேண்டும். அவர்களை லோ இலங்கையின் தேயிலை மலைகளில் கண்டார்.

அந்த மக்கள் மலையகத் தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் வழியாகத் திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள். இன்றைய அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. ஆகவே லோவின் ஏடுகளில் உள்ள பற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல.

1970இல் டன்சினன், ஹாரோ என்ற இரு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பதினான்கு வயதிலிருந்து முப்பது வயதை ஒட்டியவர்கள். பல் துலக்கும் பழக்கம் இல்லை. பல் மருத்துவம் எட்டிப் பார்த்ததில்லை. வியப்பாக, சொத்தைப் பல்லும் அநேகமாக இல்லை. எல்லோருக்கும் பல்லில் படலம், காரை, ஈறு வீக்கம் எல்லாம் தாராளமாக இருந்தன. அடுத்த 15 ஆண்டுகளில் பலமுறை திரும்பிப் போய் அதே வாய்களை அளந்தார்கள். பல்லைப் பிடித்திருக்கும் பற்று எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே அளவு.

1986இல் வெளியான முடிவுதான் இத்துறையில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது. ஒரே தோட்டம், ஒரே லயக் குடியிருப்பு, ஒரே அரிசி, ஒரே அழுக்கு. ஆனால் மூன்று விதமான விதி. நூற்றுக்கு 8 பேருக்குப் பற்று வேகமாகக் கரைந்தது. முப்பத்தைந்து வயதில் சராசரியாக 9 மில்லிமீட்டர், நாற்பத்தைந்தில் 13 மில்லிமீட்டர். பல் நிற்பதற்கு அதற்குமேல் இடமே இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு மெதுவாகக் கரைந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கம் இருந்தது, அதைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை; ஆயுளில் ஒருநாளும் துலக்காமல், நாற்பது வயதிலும் பற்று இழப்பு ஒரு மில்லிமீட்டரைத் தொடவில்லை.

அழுக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தபோது வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அழுக்கைத் தாங்கும் உடம்பிலிருந்து என்பதுதான் உடனே தோன்றும் விடை. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லோ மரபணுவைப் பார்க்கவில்லை. 1970இல் அதற்கான கருவியும் இல்லை. எல்லா வாயிலும் அழுக்கு இருந்தது என்றால் எல்லா வாயிலும் ஒரே கிருமிகள் இருந்தன என்று ஆகாது. வெற்றிலை, புகையிலை, பீடி இவையும் ஆளுக்கு ஆள் மாறும். பெண்கள் கணக்கிலேயே இல்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்னும்போது இது சின்னக் குறையல்ல. 1985இல் பார்க்கக் கிடைத்தவர்கள் 161 பேர் மட்டுமே. இடைப்பட்ட ஆண்டுகள் 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறிய ஆண்டுகள், 1983இன் கலவரத்தையும் கண்ட ஆண்டுகள் என்பதை நினைவில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. ஒரு நோய் சிகிச்சையே இல்லாமல் எப்படி வளரும் என்று அறிய, ஏழைகளின் வாயில் அது வளர்வதைப் பதினைந்து ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தது ஓர் ஆராய்ச்சி. உலகத்துப் பாடநூல்கள் எல்லாம் அந்த எண்களை எடுத்துக்கொண்டன. அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட பாடநூல் அபூர்வம்.

சரி, உடம்பு எப்படி வித்தியாசம் செய்கிறது? கிருமி நேரடியாக எலும்பைத் தின்பதில்லை. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே கிருமி சேர்ந்ததும், ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. இன்டர்லூகின்-1, டிஎன்எஃப், இன்டர்லூகின்-17 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரக்கின்றன. அவை அதிகமாகச் சுரந்தால், எலும்பைக் கரைக்கும் பணியிலுள்ள உயிரணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இதற்குப் பெயர்தான் அழற்சி. கரும்பு வெட்டிய காட்டில் தோகைக்கு வைக்கும் தீ ஒருவர் கொல்லையில் தோகையோடு அணைகிறது, இன்னொருவர் கொல்லையில் வேலியையும் சேர்த்து எரிக்கிறது அல்லவா? ஈற்றிலும் அதேதான். பற்றவைப்பது கிருமி, எவ்வளவு தூரம் எரியும் என்பது அவரவர் உடம்பு. அந்தப் புரதங்கள் எவ்வளவு சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதற்கான குறிப்புகள் மரபணுவில் உள்ளன. அந்தக் குறிப்புகளில் ஆளுக்கு ஆள் எழுத்து மாற்றங்கள் உண்டு.

இதை அளக்க இரட்டையரை நாடினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுதும் ஒன்று. தனித்தனிக் கருவில் உருவானவர்களுக்குச் சாதாரண உடன்பிறப்புகளைப் போலப் பாதிதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் மைக்கலோவிச் குழு 1991இல் 110 ஜோடிகளை ஆராய்ந்தது. அதில் 14 ஜோடிகள் ஒரே கருவில் பிறந்து, சிறுவயதிலேயே பிரிந்து, வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களின் ஈறுகளும் ஒன்றாக வளர்ந்தவர்களின் ஈறுகளைப் போலவே ஒத்துப் போயின. அதே ஆராய்ச்சியாளர் 2000இல் வெர்ஜீனியாவின் 117 ஜோடிகளைப் பார்த்தபோது, எலும்பிறங்கும் ஈறு நோயில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் பாதி மரபுவழி வருகிறது என்று கண்டார். வெறும் ஈறு வீக்கத்தில், துலக்கும் பழக்கம், புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மரபின் பங்கு எதுவும் தெரியவில்லை. ஆர்ஹஸ் சோதனையோடும் தேயிலைத் தோட்டத்தோடும் இது அழகாகப் பொருந்துகிறது: வீக்கம் எல்லோருக்கும் வரும், அது எலும்புக்கு இறங்குமா என்பதில்தான் வம்சம் பேசுகிறது.

'பாதி' என்ற சொல்லைத் தப்பாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். என் பல் விழுந்ததில் பாதிப் பொறுப்பு என் அப்பாவுடையது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு கூட்டத்தில் ஆட்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தை விளக்கும் எண் அது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். யாருமே துலக்காத தோட்டத்தில் துலக்குவதால் வரும் வித்தியாசம் பூஜ்யம். எஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் உடம்பினுடையதாகத்தான் தெரியும். பாதிப் பேர் துலக்கி, பாதிப் பேர் புகையிலை அடக்கும் ஊரில் அதே மரபணுவின் பங்கு சிறுத்துப் போகும். 2019இல் லூய்ஜி நிபாலியும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, இரட்டையர் ஆய்வுகளில் மரபின் பங்கு 38 விழுக்காடு, மற்றக் குடும்ப ஆய்வுகளில் 15, மரபணுவை நேரடியாகப் படித்த ஆய்வுகளில் வெறும் 7 என்று வந்தது. புகைபிடிப்பதோடு சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த 7 ஏறியது. வம்சம் தனியாக நின்று செய்வதைவிடப் பீடியோடு கூட்டுச் சேர்ந்து செய்வது அதிகம்.

இனி, குற்றவாளி மரபணுவைத் தேடிய கதை. 1997இல் கென்னத் கோர்ன்மனும் குழுவினரும் இன்டர்லூகின்-1 மரபணுக்களில் இரண்டு குறிப்பிட்ட எழுத்து மாற்றங்கள் சேர்ந்து இருப்பவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் பல மடங்கு அதிகம் என்று அறிவித்தார்கள். இந்த மாற்றம் உள்ள உடம்பு, கிருமியைக் கண்டதும் இன்டர்லூகின்-1ஐ அதிகம் சுரக்கிறது என்பது விளக்கம். கேட்க நன்றாக இருந்தது. விரைவிலேயே இதற்கொரு பரிசோதனை சந்தைக்கு வந்தது. பணம் கட்டினால் 'உங்கள் ஈறு ஆபத்தானதா' என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு முக்கிய வரி இருந்தது: புகைபிடிப்பவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் மரபணுவின் விளைவு தெரிந்தது. புகை இருக்கும் இடத்தில் மரபணு சொல்வது காதில் விழவில்லை. அடுத்து, 2000இல் சீன மரபினர் 300 பேரிடம் தேடியபோது நூற்றுக்கு 2.3 பேரிடம் மட்டுமே அந்த மாற்றம் இருந்தது. ஐரோப்பியரிடையே அது மூவரில் ஒருவருக்கு அருகில். சீனர்களுக்கும் பல் ஆடத்தான் செய்கிறது. ஒரு கண்டத்தில் எழுதிய சூத்திரத்தை இன்னொரு கண்டத்து வாயில் பூட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனைக்குக் கட்டும் பணத்துக்கு இருமுறை காரை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பிறகு மனித மரபணுத்தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அலசும் காலம் வந்தது. ஒன்பதாம் குரோமோசோமில் மாரடைப்போடு தொடர்புள்ள ஓர் இடம் இளவயதுக் கடும் ஈறு நோயோடும் தொடர்புள்ளது என்று 2009இல் ஜெர்மனியின் ஆர்னே ஷேஃபர் குழு காட்டியது. ஈறும் இதயமும் சேர்ந்து கெடுவது ஏன் என்ற கேள்விக்கு அது ஒரு வாசல். ஆனால் 2019இல் வெளியான மிகப் பெரிய கூட்டாய்வில் பல்சொத்தையோடு தொடர்புள்ள 47 இடங்கள் அகப்பட்டன. ஈறு நோய்க்கு அப்படி உறுதியான பட்டியல் ஒன்றும் அகப்படவில்லை. இடங்கள் நூற்றுக்கணக்கில் சிதறி, ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பங்களிக்கின்றன என்பதுதான் இன்றைய புரிதல்.

ஒற்றை மரபணு முழுதாகப் பழுதானால் என்ன ஆகும் என்பதை அபூர்வ நோய்கள் காட்டுகின்றன. இவைதான் இந்த ஆராய்ச்சியிலேயே தெளிவான பகுதி, நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியும்கூட. 1924இல் பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய் ஒன்று. குழந்தைக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். பால்பல் முளைத்ததும் ஈறு வீங்கி, நான்கைந்து வயதுக்குள் பற்கள் உதிரும். நிலைப்பல் முளைத்ததும் மீண்டும் அதே கதை. பதினைந்து பதினாறில் வாய் பொக்கையாகிவிடும். கத்தெப்சின்-சி என்னும் நொதிக்கான மரபணு பழுதாவதே காரணம் என்று 1999இல் கண்டறிந்தார்கள். நியூட்ரோபில் வெள்ளணுவின் ஆயுதங்களைத் தீட்டிக் கொடுக்கும் நொதி அது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். பத்து லட்சத்தில் ஒன்று முதல் நான்கு பேருக்கு என்பது உலகக் கணக்கு. ஆனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் வாய்ப்பு கூடும். அக்காள் மகளைக் கட்டுவது, அத்தை மகனுக்குக் கொடுப்பது, மாமன் மகளை எடுப்பது எல்லாம் நம் பக்கம் உரிமை. முறைப்பெண்ணை விட்டுக்கொடுத்தால் கோபம். 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். நாடு முழுவதற்கும் அது 11 மட்டுமே. சொந்தத்தில் மணந்தால் சாதாரண ஈறு நோய் கூடிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. துளித்துளியாகப் பங்களிக்கும் நோய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இரு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்களுக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு அபூர்வ நோயில் வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிப் பிடித்து வெளியே வர முடியாது. ஆகவே ஈற்றுக்கு அவை வந்து சேர்வதே இல்லை. இந்தக் குழந்தைகளுக்கும் இளவயதிலேயே எலும்பு கரைகிறது. கிருமியை எதிர்க்க ஆளில்லை, அதனால் கிருமி புகுந்து அழிக்கிறது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அமெரிக்காவில் நிக்கி முட்சோபூலஸ் குழு 2014இல் அதைப் புரட்டிப் போட்டது. வெள்ளணு வந்து சேர்ந்தால் 'போதும்' என்ற செய்தி திரும்பிப் போகும். வராததால் செய்தி போவதில்லை. இன்டர்லூகின்-23, இன்டர்லூகின்-17 இரண்டும் நிறுத்தமில்லாமல் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. 2017இல் இப்படிப்பட்ட ஓர் இளைஞருக்கு, சோரியாசிஸ் தோல் நோய்க்குத் தரும் உஸ்டெகினுமாப் மருந்தைக் கொடுத்து அந்தச் சமிக்ஞையை அடக்கினார்கள்; ஈற்று அழற்சி அடங்கியது. கிருமியைக் கொல்லாமல் அழற்சியை மட்டும் அடக்கி ஈற்றைக் காக்க முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று. சாதாரண ஈறு நோய்க்கு இந்த விலை உயர்ந்த ஊசியை யாரும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் அடுத்த தலைமுறை மருந்துகள் இந்தத் திசையிலிருந்து வரக்கூடும்.

வம்சம் என்று நினைத்தது வேறொன்றாக இருப்பதும் உண்டு. வடமேற்கு ஆப்பிரிக்க மரபினரின் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் ஆடும் கடும் நோய் அதிகம். மொராக்கோவில் டோர்டே ஹாபெக் குழு செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஜேபி-2 என்ற ஒரு குறிப்பிட்ட கிருமி வகை அந்த வாய்களில் குடியிருப்பதே முக்கியக் காரணம் என்று காட்டியது. வெள்ளணுவைக் கொல்லும் நஞ்சை அந்தக் கிருமி அளவுக்கு மீறிச் சுரக்கும். அம்மா வாயிலிருந்து பிள்ளை வாய்க்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் தாவும். குடும்பம் குடும்பமாக வருவதால் மரபணு என்று தோன்றும்; உண்மையில் குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டது எச்சில். மூன்று தலைமுறை ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை வைத்த நம் வீடுகளிலும் இதை யோசிக்க வேண்டும். தாத்தாவிடமிருந்து வந்தது மரபணுவா, புகையிலையா, கிருமியா? மூன்றும்கூட இருக்கலாம்.

தமிழர்களின் ஈற்று மரபணு பற்றி நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். ஓரிரு மரபணுக்களை எடுத்து, நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டவை. அவற்றை வைத்து ஊருக்குச் சட்டம் எழுத முடியாது. '1000 ஜீனோம்' என்ற உலகத் திட்டத்தில் தமிழ் மரபணு இருக்கிறது. ஆனால் அது பிரிட்டனில் குடியிருக்கும் இலங்கைத் தமிழர்களிடம் எடுத்தது. இந்திய அரசின் 'ஜீனோம் இந்தியா' திட்டம் பத்தாயிரம் இந்தியரின் மரபணுத்தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அகமணத்தால் நம் சமூகங்கள் எவ்வளவு குறுகிய வட்டங்களாக இருக்கின்றன என்பதை 2017இலேயே ஓர் ஆய்வு காட்டியது: பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள் ஃபின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து வந்தவை. அபூர்வ நோய்களைத் தேட இதைவிட வளமான இடமில்லை. பல் மருத்துவக் கல்லூரிகள் தங்களிடம் வரும் இளவயது நோயாளிகளின் வம்சாவளியை முறையாகக் குறித்து வைத்தாலே பாதி வேலை முடியும்.

இத்தனைக்கும் பிறகு மருத்துவர்கள் என்ன முடிவுக்கு வந்திருக்கிறார்கள்? 2018இல் வெளியான உலக வகைப்பாட்டில் ஈறு நோயின் வேகத்தை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். தரத்தை உயர்த்தும் காரணங்களாக அதில் இடம்பெற்றவை இரண்டே இரண்டு: ஒருநாளைக்குப் பத்து சிகரெட்டோ மேலோ பிடிப்பது, சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரி அளவு 7 விழுக்காடோ மேலோ இருப்பது. மரபணுப் பரிசோதனைக்கு இடமில்லை. இது சரியான முடிவு. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் சொன்னது. கட்டுப்படாத சர்க்கரை ஈற்றழற்சியைக் கூட்டும், ஈற்றழற்சி சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்யும். இந்தச் சுற்றை உடைக்க மரபணு தெரிய வேண்டியதில்லை.

வம்சத்தைக் காரணம் காட்டும் நண்பருக்கு ஆகவே இரண்டு பதில். தோட்டத்து 8 பேரில் ஒருவராக அவர் இருக்கக்கூடும். அப்படியானால் மற்றவர்களைவிட அவருக்குத்தான் துலக்குவதும் காரை எடுப்பதும் அதிகம் தேவை. பதினொரு பேரில் ஒருவராக இருந்தால், வேப்பங்குச்சியோடு தொண்ணூறு வயதுவரை முறுக்குக் கடித்த தாத்தாவின் கதையை அவர் ஊருக்குச் சொல்வார். அந்தக் கதையைக் கேட்டு மற்ற 89 பேர் ஏமாறக் கூடாது.

முப்பது வயதுக்குள் பல் ஆடினால் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஈற்றைக் காட்டுங்கள். குழந்தைக்கு ஐந்து வயதுக்கு முன் பால்பல் ஆடி, உள்ளங்கை உள்ளங்கால் தடித்திருந்தால் ஒரு வாரமும் தள்ளிப் போடாதீர்கள்; அரியலூர் மாவட்டத்தவர்களுக்குச் சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரி ஒருநாளில் போய்த் திரும்பும் தூரம்தான். போகும்போது, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எந்த வயதில் பல் விழுந்தது, வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் புகையிலை போடுகிறார்கள், பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா என்ற விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.